ஊட்டி கார்டன்ஸின் ஆயிரம் மணி நேரக் குளிர்

எங்கள் குடியிருப்புக்கு ஊட்டி கார்டன்ஸ் என்று பெயர் வைத்தவர் ஊட்டியையும் பார்த்தவரில்லை, தோட்டத்தையும் பார்த்தவரில்லை. வேலூருக்கு வெளியே கருவேல முள்ளை வெட்டிச் சமன்படுத்திய ஒரு பொட்டலை அறுபத்து நான்கு மனைகளாகப் பிரித்து, நுழைவாயிலில் சிமெண்டால் ஒரு மான் செய்து நிறுத்தி, அதன் கழுத்தில் இந்தப் பெயரைத் தொங்கவிட்டு, எல்லா மனைகளும் விற்றுப்போன மறுநாள் அவர் குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். ஆனாலும் ஊட்டி கார்டன்ஸில் ஒரு குளிர்காலம் வந்தது. ஒரே ஒரு வீட்டில், மதில் ஓரமாக, எட்டடி அகலத்துக்கு மட்டும், கத்திரி வெயிலின் நான்காம் நாள் காலையில் வந்தது. எதனால் வந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அதில் மாவு வைக்க இடமிருக்குமா என்றுதான் கேட்டோம்.

வந்தது இருபத்து மூன்றாம் எண் வீட்டில். அங்கே மங்கையர்க்கரசி தனியாக இருந்தார். பெண்கள் பள்ளி ஒன்றில் நூலகராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர், வயது ஐம்பத்து நான்கு, கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதைவிட முக்கியமாக, யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். ஊருக்குப் போகிறவர்கள் சாவியை அவரிடம் கொடுத்தோம், ஊரிலேயே இருக்கிறவர்களும் கொடுத்தோம். எங்களுக்கு வரும் பார்சல்களை அவர் வாங்கி வைத்தார், எங்கள் கேஸ் சிலிண்டர்களுக்கு அவர் காத்திருந்தார், எங்கள் பிள்ளைகளைப் பள்ளி வேனிலிருந்து அவர் இறக்கினார், எங்கள் நாய்கள் பிரசவித்தபோது கூட இருந்தார். இதற்கெல்லாம் கைம்மாறாக, பாவம் தனியாக இருக்கிறாரே என்று நாங்கள் அவர்மேல் இரக்கப்பட்டோம். குடியிருப்போர் சங்கத்தின் இணைச் செயலாளன் என்ற முறையில் நானும் என் பங்குக்கு நிறையவே இரக்கப்பட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் ஒரு மார்கழி மாதத்தில், தனக்கென்று, யாரையும் கேட்காமல் ஒன்று வாங்கினார். ஓசூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து நீளமான அட்டைப்பெட்டியில் வந்த அதைப் பிரித்தபோது உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு குச்சி இருந்தது. புளிப்புச் செர்ரி மரம் என்றார், குட்டை ரகம், எவ்வளவு வளர்ந்தாலும் ஓர் ஆள் உயரம்தான் என்றார். செர்ரி என்றால் கேக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை என்றும், அது சாயத்திலும் சர்க்கரைப் பாகிலும் ஊறிய களாக்காய் என்றும் நன்றாகத் தெரிந்துவைத்திருந்த நாங்கள், நாலு களாச்செடி வைத்தால் வேலியாகவாவது இருக்குமே என்று அவருக்கு அறிவுரை சொன்னோம். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் குழி தோண்டினார். தண்ணீர் தேங்காமலிருக்க மணல் கலந்து, மட்கிய எரு போட்டு, ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரியும்படி நட்டு, வேரடியில் சருகு பரப்பி, சாயங்கால வெயில் படாதபடி மதிலின் கிழக்கே நிறுத்தினார்.

துணை மரம் வேண்டாமா, ஒற்றை மரம் எப்படிக் காய்க்கும் என்று கேட்ட என் மனைவி கோமளவல்லியிடம், இந்த ரகத்துக்குத் துணை தேவையில்லை, தன் பூவின் மகரந்தத்திலேயே காய்க்கும் என்று மங்கையர்க்கரசி சொல்ல, அதை என் மனைவி ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஐந்து வீடுகளில் திருப்பிச் சொன்னாள். இத்தனை பழம் இருக்கப் புளிப்புப் பழத்தை ஏன் தேடிப் பிடித்தீர்கள் என்றும் அவள் கேட்டிருக்கிறாள்.

"இனிப்புன்னா எல்லாரும் கேப்பாங்க கோமளா. புளிப்புன்னா யாரும் கேக்க மாட்டாங்க. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்" என்றாராம்.

இதையும் ஐந்து வீடுகளில் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தோம். யாருக்குமே உதவாத பழத்துக்காக ஒருவர் தினமும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுவது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

தையில் அது குச்சியாக நின்றது, மாசியில் குச்சியாக நின்றது, பங்குனியிலும் குச்சியாகவே நின்றது. செத்துவிட்டது என்று நாங்கள் முறைவைத்து வந்து சொன்னோம். அவர் நகத்தால் பட்டையை லேசாகக் கீறி, உள்ளே பச்சை தெரிவதைக் காட்டி, அது தூங்குகிறது என்றார். நர்சரிக்காரரிடம் போனில் கேட்டபோது, ஏழு டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆயிரம் மணி நேரக் குளிர் கிடைத்தால்தான் அதற்குத் தூக்கம் தீர்ந்து மொட்டு விடும் என்று சொல்லியிருக்கிறார். இதை விற்பதற்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்றால், வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை என்று அதற்கும் பதில் வைத்திருந்தார். வேலூரில் ஏழு டிகிரி எங்கே கிடைக்கும்? மரம் மார்கழிக்குக் காத்திருந்து பார்த்தது, தைக்குக் காத்திருந்து பார்த்தது, எங்கள் ஊரை நம்பிப் பிரயோசனமில்லை என்று அதற்குப் புரிய நாலைந்து மாதம் ஆயிற்று. புரிந்ததும், தனக்கு வேண்டிய குளிர்காலத்தைத் தானே தொடங்கிவிட்டது.

அன்று காலை மங்கையர்க்கரசி வாளியோடு போனபோது, சருகின்மேல் உறைபனி படிந்திருந்தது, குச்சியின் நுனிகளில் கண்ணாடிபோல் நீர் உறைந்து தொங்கியது, தலைக்குமேல் முழம் உயரத்தில், மேகம் என்று எதுவும் இல்லாத இடத்திலிருந்து, வெண்பனி மெல்லத் தூவிக்கொண்டிருந்தது. மரத்தைச் சுற்றி எட்டடி வட்டம். வட்டத்துக்கு வெளியே நூற்றெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், காக்கைகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. அவர் வீட்டுக்குள் போய்க் குரங்குக் குல்லாவையும் சால்வையையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டு, மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் சுமார் அரைமணி நேரம் நீடித்தது.

அரைமணி கழித்து என் மனைவி இட்லிமாவுத் தூக்கோடு போனாள். கோடையில் எங்கள் பகுதியில் வோல்டேஜ் விழுந்து, ஃபிரிட்ஜுகள் எல்லாம் சாமான் அடுக்கும் அலமாரிகளாக மாறிவிடுவது வழக்கம். ஒரே ஒரு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன் அக்கா, மாவு பொங்கி வழிகிறது என்று அவள் கேட்க, மங்கையர்க்கரசி எழுந்து இடம் விட்டார். பத்து மணிக்குப் பால் பாக்கெட்டுகள் வந்தன. பதினோரு மணிக்குத் தயிரும் மல்லிகைப்பூவும் வந்தன. சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று வீட்டு மாவும் அந்தக் குச்சியைச் சுற்றி மாநாடு போட்டுக்கொண்டிருந்தது. மாவுக்கு நடுவில் மரம் நின்றது. கடவுள் எங்களுக்கென்று அனுப்பிய குளிர், விலாசம் தவறி மங்கையர்க்கரசி வீட்டில் இறங்கிவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மூன்றாம் நாள் சங்கத் தலைவர் கஜபதி தலையிட்டார். ஓய்வுபெற்ற நில அளவையர். ஒரு பொருளை அளந்துவிட்டால் அதில் தனக்குப் பங்கு வந்துவிட்டதாக நினைப்பவர். டேப்பைப் பிடித்து வட்டத்தை அளந்து, வடபாதி மாவு, தயிர், பூ, தென்பாதி மீன், கோழி என்று சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டைத் தினமும் பனி மூடியது, தினமும் மறுபடி போட்டார். இரண்டு பாதிக்கும் விழுவது ஒரே பனிதானே என்று சைவ வீடுகள் ஆட்சேபித்ததில் ஒரு பொதுக்குழுவே நடந்தது. மேலே இருக்கிறது என் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை என்று கஜபதி தீர்ப்புச் சொன்னார். மங்கையர்க்கரசியைக் கலந்துகொள்ளவில்லையே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான், ஆகவே அவருக்கு எல்லாம் தெரியும் என்று முடிவாயிற்று.

எதற்கும் பழகிவிடுகிறவர்கள் நாங்கள், குளிர்காலத்துக்கா பழக மாட்டோம்? எப்போதோ சுற்றுலா போனபோது வாங்கி, பாச்சை உருண்டை போட்டுப் பீரோவில் வைத்திருந்த ஸ்வெட்டர்கள் வெளியே வந்தன. தயிர் எடுக்கப் போகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய், எடுத்து முடித்தும் கழற்றாமல், வேர்த்து விறுவிறுக்கக் கடைத்தெரு வரைக்கும் நடந்து காட்டினார்கள். பிள்ளைகள் பனியை அள்ளி நன்னாரி சர்பத் ஊற்றித் தின்றன. கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் குச்சியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பழுப்புப் பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, கஷாயம், குளிரில் இருந்தால்தான் வீரியம் என்று பனியில் புதைத்தார். தினமும் ஆறரை மணிக்கு வந்து கஷாயத்தின் வீரியத்தைச் சரிபார்த்தார். பதினொன்றாம் எண் வீட்டுத் தேவநேசன் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவர் கேட்காமலேயே அவருடைய மருந்தைச் சங்கம் வாங்கிவந்து மரத்தடியில் வைத்தது. இது ஓர் உயிர் காக்கும் சேவை என்று அதன் பக்கத்தில் பலகையும் வைத்தோம்.

மரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நாங்கள் கேட்கவில்லை. மங்கையர்க்கரசி மட்டும் கிளையில் ஒரு வெப்பமானியைக் கட்டி, ஏழு டிகிரிக்குக் கீழே இருந்த மணிகளைத் தினசரிக் காலண்டர்த் தாள்களின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வந்தார். வெதுவெதுப்பான மாவு வந்து உட்கார்ந்தால் முள் பத்துக்கு ஏறும், ஐம்பது பேர் வந்து பேசிவிட்டுப் போனால் பன்னிரண்டுக்கு ஏறும். இடையில் சூடு பட்டால் சேர்த்த குளிரிலும் கொஞ்சம் கரைந்துபோகும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். அப்படியும் ஆனி பிறக்கும்போது நானூற்றுப் பத்து மணி சேர்ந்திருந்தது.

அப்போது நாற்பதாம் எண் வீட்டு முனிரத்தினம் செத்துப்போனார். மகன் கனடாவில். வந்து சேர மூன்று நாள் ஆகும் என்றான். பிணத்தை வைக்கும் குளிர்பெட்டி ஊரில் எங்கேயும் கிடைக்கவில்லை, நாங்களும் ரொம்பத் தேடினோம் என்று சொல்ல முடியாது. பாடையை நேராக இருபத்து மூன்றாம் எண் வீட்டுக்குத் தூக்கினோம். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பவர்களிடம் எப்படி மாட்டேன் என்பது? மங்கையர்க்கரசி மாவுத் தூக்குகளை நகர்த்தி இடம் செய்தார். முனிரத்தினம் மரத்தடியில் மூன்று நாள் படுத்திருந்தார், மீசையில் பனி விழுந்து விழுந்து, உயிரோடிருந்தபோது இல்லாத ஒரு கம்பீரம் அவருக்கு வந்துவிட்டது. அவரால் சூடு ஏறவில்லை, பாவம். சுற்றி உட்கார்ந்து மாரடித்தவர்களாலும், ஊதுவத்தியாலும், தலைமாட்டில் எரிந்த விளக்காலும் ஏறியது. மூன்றாம் நாள் மகன் கனமான கோட்டோடு வந்து இறங்கி, நேரே பனிக்குள் போய், எங்கள் எல்லோரிலும் அவன் ஒருவன் மட்டும் நடுங்காமல் நின்று, அப்பா கடைசியில் எங்க கனடாவுக்கே வந்துட்டார் என்று சொல்லித் தேம்பினான். நாங்களும் தேம்பினோம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் முந்நூறாகக் குறைந்திருந்தது மரத்தின் கணக்கு.

கூட்டம் போன பிறகு மங்கையர்க்கரசி சால்வையைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் தயிர் எடுக்கப் போனேன். குச்சியின் கணுக்களில் விரல் வைத்துத் தடவிக்கொண்டே, கொஞ்சம் பொறுத்துக்கோ, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று அதனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தயிரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு, மரம் எங்களை மீறிக் குளிரைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனிக் கடைசியில் அறுநூறு வந்தது. அந்த நேரத்தில்தான் கஜபதிக்கு, எட்டடி வட்டத்தைப் பதினாறடியாக்கினால் குடியிருப்பு முழுவதற்கும் மாம்பழம் வைக்கலாமே என்ற யோசனை வந்தது. நர்சரிக்காரருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டார்.

"பெருசு பண்றதெல்லாம் முடியாது சார். ஆயிரம் மணி நேரம் ஆனதும் மரமே குளிரை நிறுத்திக்கும். அப்புறம் அது பூக்குற வேலையைப் பார்க்கணும்ல" என்றார் நர்சரிக்காரர்.

மரத்துக்கு வேறு வேலை இருக்கும் என்பது எங்களுக்கு அதுவரை தோன்றவே இல்லை. பிறகு கஜபதி பேசினார். சங்க வரலாற்றில் அவ்வளவு அருமையான பேச்சை நான் கேட்டதில்லை. ஆயிரம் நிறைந்தால்தானே நிற்கும், நிறையாமல் பார்த்துக்கொண்டால் குளிர் என்றென்றைக்கும் நம்மோடு இருக்கும் என்றார். ஒருவர் வாயில் ஒரு பழம் பெரிதா, அறுபத்து மூன்று வீட்டு மாவு பெரிதா என்றார். தேவநேசனின் இன்சுலினை நினைத்துப் பாருங்கள் என்றார். நினைத்துப் பார்த்துத் தீர்மானம் நிறைவேற்றினோம். வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து, காலையும் மாலையும், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுபோய் அரைமணி நேரம் மரத்தடியில் வைப்பது. அதற்கு ஒத்தடத் திட்டம் என்று பெயர் கொடுத்தது நான்தான். மரம் பாவம் குளிரில் நடுங்குகிறது, வயதான மனிதர்களுக்கு முழங்காலில் கொடுப்பதுபோல் ஒரு ஒத்தடம், அவ்வளவே. சொல்லிப் பார்த்தபோது எங்களுக்கே நெஞ்சு நிறைந்தது.

மங்கையர்க்கரசிக்கும் அப்படியே சொன்னோம். அவர் எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், தலையாட்டினார். தெரிந்துதான் தலையாட்டினார். அதற்கு மேலும், பாத்திரம் வைக்க முக்காலி ஒன்றை உள்ளே இருந்து கொண்டுவந்து போட்டார். ஆடி முழுக்க எண்ணூற்றைம்பது, எழுநூற்றெண்பது, தொள்ளாயிரம், எண்ணூற்றுப் பத்து என்று கணக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. குச்சியில் மொட்டுகள் உளுந்தளவு பருத்து, மேற்கொண்டு போக வழியில்லாமல் அப்படியே நின்றன. அவற்றைப் பார்க்காமல் பாத்திரத்தை வைக்கும் பழக்கம் எங்களுக்குச் சீக்கிரமே கைவந்தது.

ஆவணி மூன்றாம் தேதி எங்கள் வீட்டு முறை. இரண்டு நாளாக நல்ல மழை, ஒத்தடத்துக்கு யாரும் வரவில்லை, கணக்கு தொள்ளாயிரத்து ஐம்பத்து ஒன்பதுக்கு வந்துவிட்டது, நீங்களே போங்கள் என்று கஜபதி என்னை அவசரப்படுத்தினார். சாயங்காலம், கொதிக்கும் சாம்பார்க் குண்டானை இரண்டு துணி கொண்டு பிடித்துக்கொண்டு போனேன். மங்கையர்க்கரசி கேட்டருகில் குல்லாவும் சால்வையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒத்தடம்மா. இன்னைக்கு எங்க வீடு" என்றேன்.

"வேண்டாம்" என்றார்.

எங்கள் ஊரில் முதல் வேண்டாமுக்கு அர்த்தம் கிடையாது. காபி கொடுத்தால் வேண்டாம் என்பார்கள், பிறகு குடிப்பார்கள். இரண்டாம் வேண்டாம் மரியாதைக்கு. மூன்றாம் முறை வற்புறுத்தினால்தான் வற்புறுத்தினவருக்கும் மதிப்பு, வாங்கிக்கொள்பவருக்கும் மதிப்பு. ஆகவே நான் சிரித்தபடி, எங்களுக்கு ஒன்றும் சிரமமில்லை என்றேன். அவர் மறுபடியும் வேண்டாம் என்றார். நான் குண்டானோடு ஒரு காலை உள்ளே எடுத்து வைத்து, இதில் என்னம்மா இருக்கிறது, அரைமணி நேரம்தானே என்றேன்.

"முடியாது" என்றார் மங்கையர்க்கரசி.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை போலிருக்கிறது, சொல்லிவிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றார். குண்டான் சூடு துணியைத் தாண்டி விரலைப் பொசுக்கியது, இறக்கி வைக்க ஓர் இடமில்லை, அவருடைய வீட்டுவாசலைத் தவிர. கேட்டை அவர் சாத்தினார். நான் சாம்பாரோடு திரும்பி நடந்தேன். என் பின்னால் அவர் ஒவ்வொன்றாகத் தூக்குகளையும் பாட்டில்களையும் வெளியே கொண்டுவந்து, மதில்மேல் வரிசையாக வைக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் முழுவதும் ஊட்டி கார்டன்ஸ் அவர் வீட்டு வாசலில் நின்றது. அவர் மரத்துக்குப் பக்கத்தில், பனிக்குள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பப்போவதாகச் சொன்னோம், இதுவரை அவருக்கு நாங்கள் செய்ததையெல்லாம் எடுத்துச் சொன்னோம், அந்தப் பட்டியல் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. யாராவது மூத்தவர்கள் போய்ச் சேர்ந்தால் கதவைத் திறந்துதானே ஆகவேண்டும் என்று கஜபதி எண்பது தாண்டிய நாலைந்து பேரை நம்பிக்கையோடு பார்த்தார். அவர்கள் ஒரு படி தள்ளி நின்றுகொண்டார்கள். கடைசி அஸ்திரமாகத் தேவநேசனை முன்னால் தள்ளி, ஓர் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டோம். மங்கையர்க்கரசி எழுந்து வந்து, இன்சுலின் பெட்டியைத் தானே வைத்துக்கொள்வதாகவும், கட்டைவிரல் அகலப் பெட்டியால் மரத்துக்குக் கெடுதல் இல்லை என்றும் சொன்னார்.

"எனக்கு வேணாங்க. எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. நாலு மாசமா ஃபிரிட்ஜுல வச்ச மருந்தைத்தான் போட்டுக்குறேன். இந்தப் பெட்டி சங்கத்தோடது" என்றார் தேவநேசன்.

அதன்பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

நாற்பத்தொரு மணி நேரம் மங்கையர்க்கரசி அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூக்கு நீலமாயிற்று, குல்லாமேல் பனி ஏறியது, ஒரு பிளாஸ்க் டீ மட்டும் மடியில். உள்ளே போகச் சொல்லி நாங்கள் கெஞ்சினோம், எங்கள் அக்கறை அப்படி. மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்குப் பனி நின்றது. வட்டத்துக்குள் வெயில் இறங்கியது, உறைந்தது எல்லாம் சொட்டியது, எட்டடி மண் எங்கள் மண்ணைப் போலவே ஆயிற்று. எங்கள் வீட்டுப் பெண்கள் சிலர் அழுதே விட்டார்கள். பத்து நாளில் குச்சி முழுவதும் வெள்ளைவெளேரென்று பூத்தது. அதைப் பனி என்று நினைத்து ஒருவர் தயிரோடு போய்விட்டுத் திரும்பினார்.

அந்த வருஷம் முழுக்க அவரோடு பேசுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். ஆனால் நாங்கள் பெரிய மனசுக்காரர்கள். ஐப்பசியில், பழம் சிவந்துவிட்டது, இருபத்து மூன்று பழம் என்று கோமளவல்லி மதில் வழியாகப் பார்த்துவந்து சொன்ன அன்றே மன்னித்துவிட்டோம். பண்டம் செய்தால் பகிர்வதும், காய்த்தால் கொடுப்பதும் எங்கள் குடியிருப்பின் பண்பு என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒரு கிண்ணத்தோடு அவர் வாசலுக்குப் போனோம். கஜபதி மட்டும் அளவு பெரிய கிண்ணம் கொண்டுவந்திருந்தார்.

மங்கையர்க்கரசி மரத்தடியில் நின்று, காம்போடு ஒவ்வொன்றாகக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். பழங்கள் சின்னதாக, உள்ளே விளக்கு எரிவதுபோல் சிவப்பாக இருந்தன. பறித்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பழத்தை வாயில் போட்டார். கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன, தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது, பிறகு முகம் மெல்ல மெல்ல விரிந்தது. எங்கள் அறுபத்து மூன்று வாயிலும் ஒரே நேரத்தில் எச்சில் ஊறியது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர், வாசலில் ஆள் வந்து நின்றால், சாப்பிடுறீங்களா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பகையாளியிடம்கூடக் கேட்க வேண்டும். சாப்பாடே இல்லாதவர்களும் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். ஐந்தாவது பழம் வரைக்கும் மறந்துவிட்டார் என்று நினைத்தோம். பத்தாவதில் நான் லேசாக இருமினேன். பதினைந்தாவதில் கோமளவல்லி அக்கா என்று கூப்பிட்டாள், அவர் நிமிர்ந்து எங்கள் எல்லோரையும், கிண்ணங்களையும் நன்றாகப் பார்த்து, பதினாறாவதை எடுத்தார். அவசரமே படவில்லை. ஒவ்வொரு கொட்டையையும் நாக்கால் சுத்தம் செய்து உள்ளங்கையில் எடுத்து வைத்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, இருபதாவது பழத்தின்போது, கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். மற்றவர்களும் ஒளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இருபத்து மூன்றாவதையும் தின்றுவிட்டு, முந்தானையை உதறி, கையைத் துடைத்துக்கொண்டார்.

கஜபதிக்குத்தான் தாங்கவில்லை.

"பழம் எப்படிம்மா இருந்துச்சு, அதையாவது சொல்லுங்க" என்றார்.

மங்கையர்க்கரசி வாய்க்குள் மிச்சமிருந்த ருசியை ஒரு முறை விழுங்கிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.